ஸ்காட்லாந்து மலைமேல் ஒரு நாகப்பட்டினத்து வாசல்

நாகப்பட்டினத்தில் டச்சுக்காரர்கள் கட்டி ஆண்ட கோட்டை இன்று இல்லை. அந்தக் கோட்டையின் வாசலும் இல்லை. ஆனால் அந்த வாசலின் சாயலில் எழுப்பிய கல் வளைவுகள், நம் சோழமண்டலக் கடற்கரைக்கு எட்டாயிரம் கிலோமீட்டருக்கும் அப்பால், ஸ்காட்லாந்தின் வடகோடியில் ஒரு மலை உச்சியில் இருநூற்று நாற்பது ஆண்டுகளாக நின்றுகொண்டிருக்கின்றன. மலையின் பெயர் ஃபைரிஷ். அது இருக்கும் வட்டாரத்தின் பெயர் ஈஸ்டர் ராஸ், அதாவது கிழக்கு ராஸ்.

நம் சங்கத்துக் குடும்பங்களில் பிள்ளைகள் பிரிட்டனில் படிக்கிறார்கள், வேலை பார்க்கிறார்கள். அவர்களைப் பார்க்கப் போகும் பெற்றோர் லண்டனைச் சுற்றிவிட்டு, கொஞ்சம் துணிச்சல் உள்ளவர்கள் எடின்பரோ கோட்டையையும் நெஸ் ஏரியையும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். நெஸ் ஏரியை ஒட்டிய இன்வர்னெஸ் நகரத்திலிருந்து வடக்கே காரில் முக்கால் மணி நேரம் போனால் போதும், இந்த வட்டாரம் வந்துவிடும். என் மகள் குடும்பம் அபர்தீனில் இருப்பதால் இரண்டு கோடைக்காலங்களில் இங்கே நிதானமாகச் சுற்றிப் பார்க்கும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. பார்த்ததோடு, படித்துத் தெரிந்துகொண்டதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன். போகிறவர்களுக்கு வழிகாட்டியாகவும், போக முடியாதவர்களுக்கு ஒரு வரலாற்றுப் பாடமாகவும் இருந்தால் மகிழ்ச்சி.

வட்டாரத்தின் அமைப்பு

வரைபடத்தை விரித்துப் பார்த்தால் ஸ்காட்லாந்தின் வடகிழக்கில் கடல் இரண்டு இடங்களில் நிலத்துக்குள் நீளமாக நுழைந்திருப்பது தெரியும். தெற்கே உள்ளது க்ரோமார்ட்டி கடற்கழி. வடக்கே உள்ளது டோர்னாக் கடற்கழி. இரண்டுக்கும் நடுவே கடலை நோக்கி மூக்கு மாதிரி நீண்டிருக்கும் நிலம்தான் ஈஸ்டர் ராஸ். கடலோரம் கோதுமையும் பார்லியும் விளையும் சமவெளி. மேற்கே போகப்போக மலை, புதர்க்காடு, ஆடு மேயும் பள்ளத்தாக்கு. பின்னணியில் 1,046 மீட்டர் உயரமுள்ள பென் விவிஸ் மலை படுத்திருக்கும் யானை மாதிரித் தெரியும்.

இன்வர்னெஸ்ஸிலிருந்து ஏ-9 நெடுஞ்சாலை இந்த வட்டாரத்தின் ஊடாகவே போகிறது. ரயிலிலும் போகலாம். ஆல்னெஸ், இன்வர்கார்டன், ஃபெர்ன், டெய்ன் என்று வரிசையாகச் சிறு ஸ்டேஷன்கள். கடலை ஒட்டியே ரயில் போவதால் ஜன்னல் ஓரத்தில் இடம் பிடிப்பது நல்லது.

ஃபைரிஷ் மலையும் அதைக் கட்டியவரும்

ஃபைரிஷ் மலையின் உயரம் 453 மீட்டர். ஆல்னெஸ் ஊருக்கு மேலே, போத் என்ற இடத்துக்குப் போகும் சாலையில் காரை நிறுத்திவிட்டுப் பைன் மரக்காட்டின் வழியே ஏற வேண்டும். நம்ம வயதுக்காரர்கள் நின்று நின்று ஏறினாலும் போக வர மூன்று மணி நேரத்துக்குள் முடித்துவிடலாம். காடு முடிந்ததும் மொட்டைப் பாறையும் புதரும். திடீரென்று அந்தக் கல் வளைவுகள் வானத்தை ஒட்டி நிற்கும். நடுவில் வளைவுகள், இரு பக்கமும் தனித்தனித் தூண்கள். கூரை கிடையாது, கதவு கிடையாது, உள்ளே போக ஒரு கோட்டையும் கிடையாது. வாசல் மட்டும்தான்.

கட்டியவர் நோவார் எஸ்டேட்டின் உரிமையாளரான சர் ஹெக்டர் மன்ரோ. 1726இல் பிறந்து 1805இல் இறந்தவர். கிழக்கிந்தியக் கம்பெனிக்காகப் போரிட்டவர். நம் பாடப்புத்தகத்தில் வரும் 1764ஆம் ஆண்டு பக்ஸார் போரில் கம்பெனிப் படைக்குத் தலைமை தாங்கியவர் இவரே. அந்தப் போருக்குச் சில வாரங்கள் முன்பு, கலகம் செய்த இந்தியச் சிப்பாய்கள் 24 பேரைப் பீரங்கி வாயில் கட்டிச் சுட்டுக் கொல்ல உத்தரவிட்டவரும் இவரே. 1778இல் பிரெஞ்சுக்காரர்களிடமிருந்து புதுச்சேரியைப் பிடித்தார்.

அடுத்து வந்தது அவருடைய பெரிய தோல்வி. 1780 செப்டம்பர் 10ஆம் தேதி, காஞ்சிபுரத்துக்கு அருகே புள்ளலூரில் கர்னல் வில்லியம் பெய்லியின் படையை ஹைதர் அலியும் திப்புவும் சூழ்ந்து அழித்தார்கள். அப்போது மன்ரோ தன் பெரும்படையோடு காஞ்சிபுரத்தில்தான் இருந்தார். சில மணி நேர நடைதான். போய்ச் சேரவில்லை. கனமான பீரங்கிகளைக் காஞ்சிக் கோயில் குளத்தில் தள்ளிவிட்டுச் சென்னைக்குப் பின்வாங்கினார். திப்பு இந்த வெற்றியை ஸ்ரீரங்கப்பட்டணம் தரியா தௌலத் மாளிகைச் சுவரில் பெரிய ஓவியமாகவே தீட்டி வைத்தார். இப்போதும் போனால் பார்க்கலாம்.

இதில் நாம் கவனிக்க வேண்டிய சங்கதி ஒன்று உண்டு. மன்ரோ ஈஸ்டர் ராஸ்காரர். பெய்லி இன்வர்னெஸ்ஸை ஒட்டிய டுனெய்ன் என்ற ஊர்க்காரர். அவருடைய படையில் மாண்டவர்களில் 73வது ஹைலாண்டு ரெஜிமென்டின் இரண்டு கம்பெனிகளும் அடக்கம். அந்த ரெஜிமென்டைத் திரட்டியவர் லார்டு மக்லௌட். அவருடைய குடும்பத்தின் டார்பட் மாளிகை இருந்ததும் இதே ஈஸ்டர் ராஸ் கடற்கரையில்தான். ஆக, காஞ்சிபுரம் வயல்காட்டில் அன்று விழுந்தவர்களில் இந்த வடகோடி மண்ணின் குடியானவர் பிள்ளைகளும் இருந்தார்கள். அவர்களோடு விழுந்த நம்ம ஊர்ச் சிப்பாய்களின் எண்ணிக்கையோ அவர்களைவிடப் பல மடங்கு. பெய்லி கைதியாகி 1782இல் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் இறந்தார்.

நாகப்பட்டினம் மன்ரோவின் கணக்கில் வந்தது இதற்குப் பிறகு. டச்சுக்காரர்கள் 1658இல் போர்த்துக்கீசியரிடமிருந்து அந்த ஊரைப் பிடித்து, 1690இல் பழவேற்காட்டிலிருந்து தங்கள் சோழமண்டலத் தலைமையகத்தையே அங்கே மாற்றியிருந்தார்கள். பிரிட்டனுக்கும் ஹாலந்துக்கும் சண்டை மூண்டதும் மன்ரோ தரைப்படையோடும் அட்மிரல் ஹ்யூஸ் கப்பற்படையோடும் வந்து 1781 அக்டோபரில் நாகையை முற்றுகையிட்டார்கள். நவம்பரில் கோட்டை சரணடைந்தது. 1784ஆம் ஆண்டு பாரிஸ் உடன்படிக்கைப்படி ஊர் நிரந்தரமாக ஆங்கிலேயர் கைக்குப் போயிற்று. பிடித்த ஊரின் செல்வத்தில் தளபதிக்குப் பெரும் பங்கு என்பது அக்கால வழக்கம். மன்ரோ ஊர் திரும்பினார். 1782இல் மலைமேல் வாசல் எழும்பத் தொடங்கியது. புள்ளலூருக்கு அவர் நினைவுச்சின்னம் எழுப்பவில்லை. வெற்றிக்குத்தான் கல் கிடைக்கும், தோல்விக்குக் குளம்தான்.

தர்மமும் ஆடும்

இந்த வாசலைப் பற்றி அங்கே எல்லோரும் சொல்லும் ஒரு கதை உண்டு. அது பஞ்ச காலம். ஊர் ஜனங்களுக்கு வேலை கொடுக்கத்தான் மன்ரோ இதைக் கட்டினாராம். சும்மா காசு கொடுத்தால் அவர்கள் மானம் போகும் என்று வேலையாகக் கொடுத்தாராம். கூலி நாட்களை நீட்டிப்பதற்காக, பகலில் மேலே ஏற்றிய கற்களை இரவில் கீழே உருட்டிவிடுவாராம். கல் உருட்டியது கதையாக இருக்கலாம். ஆனால் 1782இல் ஸ்காட்லாந்தில் பயிர் பொய்த்துப் பஞ்சம் வந்தது வரலாறு. நம் ஊர்களிலும் பஞ்ச காலத்தில் ஏரி வெட்டி, கூலிக்குத் தானியம் அளந்ததை நாம் கேட்டிருக்கிறோம். தர்மம் செய்ததாகவே வைத்துக்கொள்வோம்.

ஆனால் அடுத்த பக்கத்தையும் புரட்டிப் பார்க்க வேண்டும். பத்தாண்டு கழித்து, 1792இல், அதே நோவார் எஸ்டேட்டுக்குச் சொந்தமான கில்டர்மோரி மேய்ச்சல் நிலம் வெளியிலிருந்து வந்த காமரன் சகோதரர்களுக்கு ஆட்டுப் பண்ணைக்காகக் குத்தகைக்கு விடப்பட்டிருந்தது. கம்பளி விலை ஏறிய காலம். குடியானவன் தரும் வாடகையைவிட ஆட்டுக்காரன் தரும் வாடகை அதிகம். வியாபாரியாகிய எனக்கு அந்தக் கணக்கு உடனே புரிகிறது. புரிவதனாலேயே சங்கடமாகவும் இருக்கிறது. பக்கத்து ஆர்ட்ராஸ் குடியானவர்களின் மாடுகள் எல்லை தாண்டியதும் புதுக் குத்தகைக்காரர்கள் அவற்றைப் பிடித்து அடைத்தார்கள். ஜனங்கள் திரண்டு மாடுகளை மீட்டார்கள். பிறகு இன்னும் பலர் சேர்ந்து, ராஸிலும் சதர்லாண்டிலும் உள்ள ஆடுகளையெல்லாம் ஓட்டிக்கொண்டு போய் மாவட்டத்துக்கு வெளியே விடுவது என்று கிளம்பினார்கள். ஒரு ஆட்டையும் கொல்லவில்லை, ஓட்டினார்கள், அவ்வளவுதான். 42வது ரெஜிமென்ட் வந்தது. கூட்டம் கலைந்தது. தலைவர்கள் என்று சிலரைப் பிடித்துத் தண்டித்தார்கள். கேலிக் மொழியில் அந்த வருஷத்துக்கு 'ஆடுகளின் ஆண்டு' என்றே பெயர் நிலைத்துவிட்டது. ஓட்டிய ஆடுகள் கடைசியாக நின்ற இடம் போத். ஃபைரிஷுக்கு ஏற நாம் போகும் அதே சாலை.

அந்த 1792 டிசம்பரில் மன்ரோவின் மகன் ஒருவர் வங்காளத்தில் சாகர் தீவில் வேட்டைக்குப் போய்ப் புலி தாக்கி இறந்தார். வெள்ளைக்காரன் மேல் புலி பாய்ந்திருப்பது போன்ற திப்புவின் மரப்பொம்மையை லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் மியூசியத்தில் பார்த்திருப்பீர்கள். அந்தச் சம்பவம்தான் பொம்மைக்குத் தூண்டுதல் என்று ஆராய்ச்சியாளர்கள் பலர் கருதுகிறார்கள்.

கண்ணாடியில் எழுதியவர்கள்

மலை வாசலைப் பார்த்தவர்கள் அவசியம் க்ரோய்க் என்ற சிறு தேவாலயத்தையும் பார்க்க வேண்டும். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் இந்த வட்டாரம் புரியும். டோர்னாக் கடற்கழியின் தலைமாட்டில் ஆர்ட்கே என்ற ஊர். அங்கிருந்து உள்ளே ஒற்றைத் தடச் சாலையில் பதினைந்து கிலோமீட்டர் போல. எதிரே வண்டி வந்தால் ஒதுங்கி நிற்க இடம் விட்டிருப்பார்கள்.

தாமஸ் டெல்ஃபோர்டு என்ற பெரிய பொறியாளரின் வரைபடப்படி 1827இல் கட்டிய எளிய கோயில் அது. 1845 மே மாதம் பக்கத்துக் க்ளென்கால்வி பள்ளத்தாக்கிலிருந்து 18 குடும்பங்களை, ஏறத்தாழ 80 பேரை, ஆட்டுப் பண்ணைக்காக வெளியேற்றினார்கள். வாடகை பாக்கி கிடையாது, குற்றம் கிடையாது. போக இடமில்லாமல் அவர்கள் இந்தக் கோயில் வளாகத்தில், கல்லறைகளுக்கு நடுவே, கம்பளியும் துணியும் கொண்டு கூடாரம் கட்டித் தங்கினார்கள். கைக்குழந்தைகளும் இருந்தன. அப்போதும் கோயிலுக்குள் போய்ப் படுக்க அவர்களுக்கு மனம் வரவில்லை. லண்டன் டைம்ஸ் பத்திரிகை நிருபர் வந்து பார்த்து எழுதினார்.

போவதற்கு முன் அவர்களில் சிலர் கோயிலின் கிழக்கு ஜன்னல் கண்ணாடியில் வெளிப்புறமாகக் கூரான எதையோ வைத்துக் கீறி எழுதிவிட்டுப் போனார்கள். க்ளென்கால்வி ஜனங்கள் இங்கே தங்கினார்கள் என்ற செய்தி, தேதி, சில பெயர்கள். அதோடு தங்களையே பாவப்பட்ட தலைமுறை என்று குறை சொல்லும் வாசகம். ஊரை விட்டுத் துரத்தியவர் மேல் ஒரு வசவு இல்லை. தங்கள் பாவம்தான் இப்படி வந்தது என்று எண்ணினார்கள். வீட்டில் பேசியது கேலிக், எழுதியது ஆங்கிலம். வருகிற அந்நியரும் படிக்கட்டும் என்று நினைத்தார்களோ என்னவோ. எழுத்து பொடிப்பொடியாக இருக்கும், வெளிச்சம் சாய்வாக விழும்போது குனிந்து பார்த்தால்தான் தெரியும்.

கர்ம பலன் என்று கேட்டு வளர்ந்த எனக்கே அந்த வாசகம் தொண்டையை அடைத்தது. தன் வினையை நினைப்பது வேறு, பிறன் செய்த கொடுமையைத் தன் வினை என்று ஏற்றுக்கொள்வது வேறு. தளபதி கல்லில் எழுதினார், அது இருபது மைலுக்குத் தெரிகிறது. குடியானவர்கள் கண்ணாடியில் கீறினார்கள், அது ஒரு முழத்துக்குத் தெரிகிறது. இரண்டும் இன்றும் நிலைத்திருக்கின்றன.

ஊர் மீட்ட கற்கள்

இந்த வட்டாரத்தின் உண்மையான பொக்கிஷம் கடலோரக் கிராமங்களில் உள்ள பழங்கற்கள். கி.பி. 800ஐ ஒட்டிய காலத்தில் பிக்ட் என்ற இனத்தார் செதுக்கியவை. ஆள் உயரத்துக்கும் மேலான பலகைக் கற்கள். ஒரு பக்கம் சிலுவை, மறுபக்கம் வேட்டைக் காட்சி, விலங்குகள், பொருள் விளங்காத பிறைகளும் வட்டங்களும், பின்னல் கோலங்கள். நம் வாசல் சிக்குக் கோலம் தெரிந்தவர்கள் அந்தப் பின்னலை விரலால் தொடர்ந்து பார்க்கலாம், தொடங்கிய இடத்துக்கே வந்து சேரும்.

ஷாண்ட்விக் கிராமத்தில் உள்ள கல் தன் பழைய இடத்திலேயே கடலைப் பார்த்து நிற்கிறது. 1846இல் புயலில் விழுந்து உடைந்தது. ஒட்டி நிறுத்தினார்கள். 1988 முதல் மழை காற்று படாமல் கண்ணாடிக் கூண்டுக்குள் வைத்திருக்கிறார்கள். நிக் கிராமத்துப் பழைய தேவாலயத்துக்குள் உள்ள கல்லின் உச்சியில் பாலைவனத் துறவிகளான பவுலும் அந்தோணியும் குனிந்து நிற்க, ஒரு காகம் அவர்களுக்கு அப்பம் கொண்டுவருகிறது. காணாமல் போயிருந்த அதன் துண்டு ஒன்று 1998இல் பக்கத்து ஓடையில் கிடைத்தது.

ஹில்டன் கிராமத்துக் கல்லின் சரித்திரம் தனிக்கதை. அதில் பெண் ஒருத்தி குதிரை மேல் அமர்ந்து வேட்டையைப் பார்க்கும் காட்சி உண்டு. 1676இல் யாரோ சிலுவைப் பக்கத்தைச் செதுக்கி அழித்துவிட்டு அலெக்சாண்டர் டஃப் என்பவருக்கும் அவருடைய மூன்று மனைவியருக்கும் கல்லறைக் கல்லாக்கினார்கள். ஆயிரம் வருஷச் சிற்பம் ஒரு வீட்டுக் கல்லறையாயிற்று. 1860களில் ஜமீன்தார் தன் இன்வர்கார்டன் மாளிகைத் தோட்டத்துக்கு அலங்காரமாகக் கொண்டுபோனார். 1921இல் அது லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்துக்கே போய்விட்டது. ஸ்காட்லாந்து முழுக்க எதிர்ப்பு எழுந்தது. அந்த வருஷமே எடின்பரோவுக்குத் திருப்பி அனுப்பினார்கள். இப்போது அங்கே தேசிய மியூசியத்தில் இருக்கிறது.

கிராமத்தார் அதோடு விடவில்லை. மூலக்கல் கிடைக்காவிட்டால் என்ன, நாமே ஒன்று செதுக்கி நிறுத்துவோம் என்று பாரி க்ரோவ் என்ற சிற்பியைக் கொண்டு அதே அளவில் ஒரு பிரதியைச் செய்து 2000இல் பழைய இடத்தருகே நட்டார்கள். மறுவருஷமே, 2001இல், அங்கே தோண்டியபோது மூலக்கல்லின் உடைந்த அடிப்பாகமும், 1676இல் அழித்த சிலுவையின் ஆயிரக்கணக்கான சில்லுகளும் கிடைத்தன. அடிப்பாகத்தையாவது எங்களிடமே விடுங்கள் என்று ஊரார் போராடி, பக்கத்துப் பாலின்டோர் கிராமத்துச் சமூகக் கூடத்தில் வைத்திருக்கிறார்கள். தலை தலைநகரத்தில், பாதம் ஊரில். வட ஆர்க்காட்டு வயல்வெளிகளில் கேட்பாரற்றுக் கிடக்கும் தீர்த்தங்கரர் சிலைகளைப் பார்த்து வளர்ந்தவன் நான். மீனவக் கிராமம் ஒன்று தன் கல்லுக்காக இப்படி நின்றதைப் படித்தபோது அந்த ஊர்க்காரர்களை மனதாரக் கும்பிட்டேன்.

மூக்கின் நுனியில் போர்ட்மஹோமக் என்ற சிறு துறைமுகம். அங்குள்ள பழைய தேவாலயத்தை டார்பட் மியூசியமாக மாற்றியிருக்கிறார்கள். யார்க் பல்கலைக்கழகத்தின் மார்ட்டின் கார்வர் தலைமையில் 1994 முதல் 2007 வரை அகழ்ந்து, பிக்ட் காலத் துறவி மடம் ஒன்றை வெளிப்படுத்தினார்கள். இருநூறுக்கும் மேற்பட்ட சிற்பத் துண்டுகள் கிடைத்தன. கி.பி. 800ஐ ஒட்டி மடம் தீக்கிரையானதற்கான அடையாளமும் இருக்கிறது. அங்கே எழுதுவதற்கான தோல் தயாரித்த பட்டறையும் கண்டெடுத்தார்கள். கன்றின் தோலைப் பதப்படுத்தி இழுத்துக் கட்டி அதில் வேதம் எழுதினார்கள். நம் சமண மடங்களில் பனையோலையில் எழுத்தாணியால் எழுதினார்கள். அவர்கள் ஊரில் பனை இல்லை, குறை சொல்லிப் பயனில்லை. ஆனால் எழுத்தைக் காப்பது துறவியின் வேலை என்பதில் இரண்டு ஊரும் ஒன்றுதான். இதற்கு அப்பால் சாலை முடியும் இடத்தில் 1830இல் ராபர்ட் ஸ்டீவன்சன் கட்டிய டார்பட் நெஸ் கலங்கரை விளக்கம். வெள்ளை உடம்பில் சிவப்புப் பட்டை, பிள்ளைகளுக்குப் பிடிக்கும்.

மற்ற ஊர்கள்

டெய்ன்: புனித டூதக் என்ற துறவியின் தலம். 1306இல் அரசர் ராபர்ட் ப்ரூஸின் மனைவியும் மகளும் இங்கே அடைக்கலம் புகுந்தும், ராஸ் பிரபு புனித எல்லையை மீறி அவர்களைப் பிடித்து ஆங்கிலேயரிடம் ஒப்படைத்தார். நாலாம் ஜேம்ஸ் அரசர் 1493 முதல் தாம் போரில் இறந்த 1513 வரை திரும்பத் திரும்ப யாத்திரை வந்தார். பழைய கல் கோயில் இப்போதும் இருக்கிறது.

இன்வர்கார்டன்: கடற்கழியில் எண்ணெய் தோண்டும் ராட்சத மேடைகளைப் பழுதுபார்க்க நிறுத்தியிருப்பார்கள். 1931 செப்டம்பரில் இங்கே நின்ற கப்பற்படையின் மாலுமிகள், சம்பளத்தை நாளைக்கு 4 ஷில்லிங்கிலிருந்து 3 ஷில்லிங்காகக் குறைத்ததற்காக வேலைநிறுத்தம் செய்தார்கள். செய்தி பரவிப் பவுண்டின் மதிப்பு ஆட்டம் கண்டது. சில நாட்களில் பிரிட்டன் தங்க நாணயத் திட்டத்தையே கைவிட்டது. ரூபாய் பவுண்டோடு கட்டுண்டிருந்ததால் இங்கே தங்கம் விலை ஏறி, மந்தத்தில் நொந்த இந்தியக் குடும்பங்களின் நகைகள் கப்பல் ஏறின. நம் பாட்டிமார் விற்ற வளையலுக்கும் இந்தத் துறைமுகத்துக்கும் ஒரு முடிச்சு உண்டு.

எவாண்டன்: கறுப்புப் பாறை இடுக்கு என்ற பள்ளம். நதி 36 மீட்டர் ஆழத்துக்குப் பாறையை அறுத்துக்கொண்டு ஓடுகிறது, அகலமோ சில அடிகள். ஹாரி பாட்டர் படம் ஒன்றில் வருகிறது. ஓரத்தில் தடுப்பு கிடையாது, பிள்ளைகளின் கையை விடாதீர்கள்.

க்ரோமார்ட்டி: கடற்கழிக்கு எதிர்க்கரை. நிக்கிலிருந்து கோடையில் சின்னப் படகு ஓடினால் பத்து நிமிஷம். இல்லையென்றால் சுற்றிக்கொண்டு சாலையில் போக வேண்டும். இங்கே கூரை வேய்ந்த சிறு வீட்டில் 1802இல் பிறந்த ஹ்யூ மில்லர் கல்தச்சர். கல் உடைக்கப் போன இடத்தில் பாறைக்குள் மீன் எலும்புகளைக் கண்டு, தானே படித்து, 1841இல் 'பழைய செம்மணற்கல்' என்ற நூலை எழுதி அறிஞர் வரிசையில் அமர்ந்தார். பண்டைய மீன் ஒன்றுக்கு அவர் பெயரையே வைத்தார்கள். கடையைப் பூட்டிவிட்டு இரவில் புத்தகத்தைப் பிரிக்கும் என் போன்றவர்களுக்கு அந்த வீடு ஒரு தலம்.

இன்னொரு ராஸ்காரர்

ஈஸ்டர் ராஸுக்குள் வராவிட்டாலும் ஒருவரைச் சொல்லாமல் விட முடியாது. மேற்குக் கடலில் உள்ள லூயிஸ் தீவு 1975 வரை இதே ராஸ் கவுண்டி நிர்வாகத்தில்தான் இருந்தது. அதன் ஸ்டோர்னவே ஊரில் பிறந்தவர் காலின் மெக்கன்சி. 1783இல் இவர் சென்னைக்கு வந்து இறங்கினார். 1815இல் இந்தியாவின் முதல் சர்வேயர் ஜெனரல் ஆனார். ஊர் ஊராகச் சுவடிகளையும் கல்வெட்டுப் படிகளையும் சேர்த்தார். அவருக்கு உதவிய தர்மய்யா சமணப் பண்டிதர். சமணரைப் பற்றி மெக்கன்சி திரட்டிய குறிப்புகள் 1807இல் 'ஏஷியாடிக் ரிசர்ச்சஸ்' ஒன்பதாம் தொகுதியில் வெளிவந்தன. 1816இல் தாமஸ் ஹிக்கி தீட்டிய படத்தில் மெக்கன்சியின் பக்கத்தில் தர்மய்யா சுவடியோடு நிற்கிறார், பின்னால் கார்கலா கோமடேஸ்வரர். அவர் சேர்த்த சுவடிகளில் பெரும்பகுதி இன்றும் சென்னையில் அரசுக் கீழ்த்திசைச் சுவடி நூலகத்தில் உள்ளது. அவரும் கம்பெனி உத்தியோகஸ்தர்தான், போர்களுக்குப் போனவர்தான். ஆனால் ஒரே கவுண்டியிலிருந்து வந்த இரண்டு பேரில் ஒருவர் நம் ஊர் வாசலை அங்கே நட்டார், மற்றவர் நம் ஊர்ப் பெயர்களை நமக்கே எழுதி வைத்தார்.

போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள்

மே, ஜூன், செப்டம்பர் நல்ல மாதங்கள். ஜூலை, ஆகஸ்டில் மாலை வேளையில் பொடிக் கொசு மொய்க்கும். எந்த மாதமானாலும் மழைக்கோட்டும் பிடிப்புள்ள ஷூவும் வேண்டும். 2003ஆம் ஆண்டுச் சட்டப்படி ஸ்காட்லாந்தில் பயிரையும் கால்நடையையும் தொந்தரவு செய்யாமல் யாரும் எந்த மலையிலும் நடக்கலாம், அனுமதி கேட்க வேண்டாம். மூன்று நாள் இருந்தால் சௌகரியம். ஒரு நாள் ஃபைரிஷும் எவாண்டனும். ஒரு நாள் கடலோரக் கற்களும் போர்ட்மஹோமக்கும். ஒரு நாள் டெய்ன் வழியே க்ரோய்க்.

சைவச் சாப்பாடு கேட்டால் கிடைக்கும். ஆனால் முக்கால்வாசி உருளைக்கிழங்காகத்தான் இருக்கும். கிழங்கு ஒதுக்குகிற எங்களவர்கள் பருப்புப்பொடியும் அரிசியும் கையோடு கொண்டு போவது உத்தமம். பொழுது சாய்வதற்குள் சாப்பிடும் நியமம் உள்ளவர்களுக்கு ஒரு நல்ல செய்தி: ஜூனில் அங்கே சூரியன் மறைய இரவு பத்து மணி தாண்டிவிடும். டிசம்பரில் போகாதீர்கள், மாலை மூன்றரைக்கே விரதம் தொடங்கிவிடும்.

நாகைக்கு ஒரு படம்

கடைசியாக ஒன்று சொல்ல விரும்புகிறேன். ராஜராஜ சோழன் காலத்தில் ஸ்ரீவிஜய அரசர் நாகையில் கட்டிய சூடாமணி விகாரத்தின் எஞ்சிய கோபுரத்தை 1867இல் இடித்தார்கள். அந்த விகாரத்துக்கு ஊர் கொடுத்த செப்பேடுகள் டச்சுக்காரரோடு கடல் கடந்து போய் 'லெய்டன் செப்பேடு' என்று பெயர் பெற்றன. கோட்டையும் போயிற்று. இத்தனை இழந்த ஊரின் வாசல் ஒன்று அந்நிய மலையில் நிற்கிறது என்பது நாகைப் பிள்ளைகளில் எத்தனை பேருக்குத் தெரியும்?

மூலக்கல் கிடைக்காத ஹில்டன் கிராமத்தார் பிரதி செய்து வைத்துக்கொண்டார்கள். நம்மால் கல் செதுக்க முடியாது. ஒரு நல்ல புகைப்படம் எடுத்துப் பெரிதாக்கிச் சட்டம் போட்டு, கீழே யார் கட்டினார், எந்த ஊரைப் பிடித்ததற்காகக் கட்டினார், எந்தக் கூலிக்காரர்கள் கல் சுமந்தார்கள், புள்ளலூரில் எந்த இரண்டு ஊர்ப் பிள்ளைகள் சேர்ந்து விழுந்தார்கள் என்று நாலு வரி தமிழில் எழுதி, நாகப்பட்டினத்துப் பள்ளிக்கூடம் ஒன்றிலும் நூலகம் ஒன்றிலும் மாட்டலாம். செலவு அதிகம் ஆகாது. சங்கத்தார் முன்வந்தால் படத்தின் செலவை நான் ஏற்றுக்கொள்கிறேன். நம் பிள்ளைகளில் அடுத்து யார் அந்த மலை ஏறுகிறார்களோ அவர்கள் படம் எடுத்து வரட்டும்.